தண்ணி விட வேண்டாம்

"முளை எங்கை, சீவரத்தினம்?"

கைத்தொலைபேசித் திரையில் இளையதம்பியின் மூக்கும் மூக்குக்கண்ணாடியில் அரைவாசியும் தெரிந்தன. கனடாவில் அவர் அப்போதுதான் எழும்பிப் பல் தீட்டியிருந்தார். நல்லூரில் வெயில் சாய்ந்து, சீவரத்தினம் பின்னேரத் தேநீரைக் குடித்து முடித்திருந்தார்.

"இந்தா காட்டுறன் அத்தான். நேற்றே வந்திட்டுது. பவளம் மாதிரி ஒரு நிறம்" என்று சொல்லிக்கொண்டே கமராவை முற்றத்துப் பக்கம் திருப்பினார் சீவரத்தினம்.

முற்றத்தில் முளை இல்லை. முளை இருந்ததற்கான தடயமும் இல்லை. கிணற்றடியிலிருந்து படலை வரைக்கும் சிவந்த மண் பளிச்சென்று கிடந்தது. அதன்மேல் விளக்குமாற்றின் கீறுகள் வளைவு வளைவாக, ஒழுங்காக, அழகோடு ஓடின. மூலையில் குணலட்சுமி விளக்குமாற்றைத் தட்டிச் சுவரில் சாத்திக்கொண்டிருந்தாள். ஒரு கிழமை மானிப்பாயில் தமக்கை வீட்டில் நின்றுவிட்டு மத்தியானம்தான் வந்திருந்தாள். வந்ததும் முற்றம் கிடந்த கிடையைப் பார்த்து அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"என்ன கீறு கீறாத் தெரியுது?" என்றார் இளையதம்பி.

"அது சிக்னல் அத்தான். பின்னேரத்திலை இப்பிடித்தான் கீறு விழும்."

"அப்ப நாளைக்கு எடுக்கட்டோ?"

"நாளைக்கும் விழும் போலைதான் கிடக்கு அத்தான்."

தொடர்பைத் துண்டித்துவிட்டுச் சீவரத்தினம் மனைவியைப் பார்த்த பார்வையில் விளக்குமாறே எரிந்திருக்க வேண்டும்.

"என்னடியப்பா செய்து வைச்சிருக்கிறாய்? அது கனடாப் பூங்கண்டு!"

"எனக்கெப்பிடித் தெரியும்? விளக்கு வைக்கிற நேரம் முத்தம் நிறையப் புல்லும் பூண்டும். கண்ட சனம் என்ன சொல்லும்? பொம்பிளை இல்லாத வீடு எண்டு சொல்லாதோ?"

முற்றம் கூட்டுகிற விஷயத்தில் யாழ்ப்பாணத்தில் எந்தக் கணவனும் வென்றதில்லை.

வீடு இளையதம்பியுடையது. அவர் குணலட்சுமியின் பெரியப்பா மகன். கோயில் மணி அடித்தால் கேட்கிற தூரத்தில், ஓடு போட்ட பெரிய வீடு. கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சராக இருந்து ஓய்வு பெற்ற சீவரத்தினத்துக்குச் சொந்தமாகக் கொடிகாமத்தில் ஒரு வீடு உண்டு. அதன் கூரையில் பாதி ஓடு, பாதி தகரம். கிணற்றில் முழுக்க உவர். மகள் கஜந்தினி உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். நல்லூரில் படலையைத் திறந்தால் ரியூசன். கொடிகாமத்திலிருந்து வருவதென்றால் விடியப்புறத்தில் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். இதைவிட, "எங்கை இருக்கிறியள்?" என்று யாராவது கேட்டால் "நல்லூரிலை" என்று சொல்வதில் சீவரத்தினத்துக்கு ஒரு சுகம் இருந்தது. கேட்காதவர்களுக்கும் சொல்லுவார்.

வெளிநாட்டுக்காரரின் வீட்டைப் பார்த்துக்கொள்வது இப்போது ஒரு உத்தியோகம். சம்பளம் இல்லை, வாடகையும் இல்லை. இதில் நிலைத்து நிற்பதற்கு ஒரே ஒரு கெட்டித்தனம்தான் வேண்டும். ஆள் இல்லாவிட்டால் வீடு பாழாய்ப் போய்விடும் என்று சொந்தக்காரரை ஓயாமல் பயமுறுத்திக்கொண்டிருக்க வேண்டும். சீவரத்தினம் அதில் கைதேர்ந்தவர்.

"புல்லுத்தான் அத்தான் பிரச்சினை. இரண்டு கிழமை விட்டமெண்டால் இடுப்பளவு வந்திடும். புல்லு வந்தால் எலி வரும். எலிக்குப் பின்னாலை பாம்பு வரும். நாங்கள் நிக்கிறபடியாத்தான் வீடு வீடாக் கிடக்கு" என்று ஒவ்வொரு தடவையும் தவறாமல் ஓதுவார். இளையதம்பியும் ஒவ்வொரு தடவையும் "ஓமோம், உந்தப் புல்லு" என்று கவலையோடு தலையாட்டுவார்.

மாரி முடிந்த கையோடு, குணலட்சுமி மானிப்பாய்க்குப் போன அன்று, கனடாவிலிருந்து வந்த யாரோ ஒருவரிடம் இளையதம்பி ஒரு விதைப் பக்கெற்றைக் கொடுத்து அனுப்பினார். அதன் அட்டையில் சிவப்பும் மஞ்சளும் ரோசுமாக நிலம் தெரியாமல் பூத்துக் கிடந்தது.

"முத்தம் முழுக்கப் படர விடும். திருவிழாவுக்கு வரேக்கை நான் பாக்கோணும்" என்றார்.

சீவரத்தினம் இதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். பூத்தால் வீடு, பூக்காவிட்டால் இளையதம்பியின் கண் உடுப்பிட்டியிலிருக்கிற ஒன்றுவிட்ட தம்பி ஜெயதீபன் பக்கம் திரும்பும். ஜெயதீபன் இளையதம்பியின் முகநூல் படம் ஒவ்வொன்றுக்கும் இருதயம் போடுகிறவன். அப்படிப்பட்டவனை நம்ப முடியாது.

அந்தப் பரீட்சையின் வினாத்தாளைத்தான் குணலட்சுமி கூட்டி அள்ளிக் குப்பைக்கிடங்கில் போட்டிருந்தாள். போய்க் கிளறிப் பார்த்ததில் பலாவிலைதான் கிடைத்தது.

"பக்கெற்றைக் கொண்டாங்கோ பாப்பம்" என்று அட்டையை வாங்கிப் பார்த்த குணலட்சுமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இதோ உங்கடை கனடாப் பூ? இது பத்துமணிப்பூவல்லோ! அக்கா வீட்டிலை ஓட்டைப் பிளாஸ்ரிக் பேசினுக்குள்ளை காடு மாதிரிக் கிடக்கு."

"சும்மா இரு. அது வேறை, இது வேறை. இதிலை இங்கிலிசிலை எழுதியிருக்கு."

வேறையோ ஒன்றோ, அடுத்த நாள் சீவரத்தினம் மானிப்பாய் பஸ்ஸில் ஏறினார். குணலட்சுமியின் தமக்கை அருமைநாயகி பேசினுக்குள் கையை விட்டு இரண்டு பிடி தண்டு பிடுங்கி, பேப்பரில் சுற்றிக் கொடுத்தாள்.

"எப்பிடி நடுறது மச்சாள்?"

"நடுறதோ? ஒடிச்சு எறியுங்கோ. விழுந்த இடத்திலை பிடிக்கும். பிறகு அதை மறந்துபோங்கோ."

மறக்கிற ஆளா சீவரத்தினம்? தகப்பன், பேரன், பூட்டன் எல்லாரும் புகையிலைக்குத் தண்ணீர் இறைத்தே முதுகு வளைந்தவர்கள். கன்று வாடினால் தண்ணீர். வாடாவிட்டால், வாடாமல் இருக்கத் தண்ணீர். அவருடைய இரத்தத்தில் பாதி கிணற்றுத் தண்ணீர்தான் ஓடியது. பாத்தி கட்டினார், ஆட்டெரு போட்டார், தண்டுகளை வரிசை பிசகாமல் ஊன்றினார். முற்றத்தில் வாசலுக்கும் படலைக்கும் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை மட்டும் குணலட்சுமிக்குக் கூட்டுவதற்காக விடப்பட்டது. அவள் அதைத் தினமும் கண்ணீரோடு கூட்டினாள்.

தண்டு பிடித்தது. அடுத்த அழைப்பில் கீறு விழவில்லை.

"ஆ, வந்திட்டுது!" இளையதம்பிக்குப் பல்லெல்லாம் தெரிந்தது. "தண்ணி விடுறீரோ?"

"காலமையும் பின்னேரமும் அத்தான். மோட்டர் போட்டு ஹோஸாலை."

"ஐயையோ, தண்ணி விட வேண்டாம். எருவும் வேண்டாம். நீர் ஒண்டுமே செய்ய வேண்டாம். அது தன்ரை பாட்டிலை வளருதோ எண்டு மட்டும் பாரும்."

சீவரத்தினத்துக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. அன்றிரவு சாப்பிடும்போது சொன்னார்: "எப்பிடிப்பட்ட மனிசன் பாத்தியோ? எனக்குக் கரைச்சல் தரக் கூடாதெண்டு தண்ணி விட வேண்டாமாம்."

"அவர் வேண்டாமெண்டால் விடாதேங்கோவன்" என்றாள் குணலட்சுமி.

"உனக்கு ஒரு இங்கிதம் தெரியாது."

இங்கிதம் என்றால் இதுதான். யாழ்ப்பாணத்தில் வீட்டுக்கு வந்தவர் தேத்தண்ணி வேண்டாம் என்றால் உடனே கேத்திலை அடுப்பில் வைக்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன் என்றால் இலை போட வேண்டும். கலியாணத்துக்கு நகை நட்டு ஒன்றும் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னால், பெண்ணைப் பெற்றவர் அன்றைக்கே காணியை ஈடு வைக்கத் தொடங்க வேண்டும். வேண்டாம் என்றதைக் கேட்டு உண்மையாகவே சும்மா இருந்தவர்களோடு ஊரில் இன்றுவரை யாரும் கதைப்பதில்லை. கூட்டுறவுச் சங்கத்தில் முப்பது வருசம் இருந்து, பெரிய மனிதர் வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் வாங்கிக் கொடுத்தே மனேச்சரானவர் சீவரத்தினம். அவருக்கா இது விளங்காது?

மறுநாளிலிருந்து தண்ணீர் மூன்று நேரமாகியது.

"அப்பா, இதுக்குத் தண்ணி கூடினால் அழுகுமாம். போனிலை போட்டிருக்கு" என்று கஜந்தினி ஒரு நாள் சொல்லிப் பார்த்தாள்.

"நீ பிசிக்ஸைப் படி, பிள்ளை."

அழுகத் தொடங்கியது. நடுவிலிருந்த தண்டுகள் அவித்த கீரையாகச் சரிந்தன. கன்று சோர்ந்துபோகிறதே என்று சீவரத்தினம் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டார். கரையில் தப்பிப் பிழைத்தவைதான் ஒரு நாள் மொட்டு வைத்தன. காலையில் பத்து மணிபோல், வெயில் ஏறியதும், ஏழெட்டுப் பூ விரிந்தது. சீவரத்தினம் துள்ளிக் குதித்தார். பின்னேரம் இளையதம்பி அழைத்தபோது ஒரு பூவும் இல்லை. எல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கதை கொடுத்தாலும் பேசமாட்டோம் என்ற மாதிரி நின்றன.

"பூத்தது அத்தான். காலமை பூத்தது. இப்ப மூடிப்போட்டுது."

"அப்பிடியோ?" என்றார் இளையதம்பி. அந்த 'அப்பிடியோ' சீவரத்தினத்துக்குப் பிடிக்கவில்லை. சங்கத்தில் கணக்குப் பார்க்க வருகிறவர்கள் அப்படித்தான் சொல்லுவார்கள்.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே. கனடாவில் விடிகிற நேரம் நல்லூரில் பூ நித்திரைக்குப் போகிற நேரமாக இருந்தது. காலையில் படம் எடுத்து அனுப்பலாமே என்றாள் கஜந்தினி. அனுப்பினார்கள். "இது இன்ரர்நெற்றிலை எடுத்த படமோ?" என்று பதில் வந்தது. வீடு கையை விட்டுப் போவது கண்ணுக்கு முன்னாலே தெரிந்தது. உடுப்பிட்டியில் ஜெயதீபன் சாமான்களைக் கட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.

"செவ்வரத்தம்பூ பின்னேரமும் விரிஞ்சுதானே நிக்கும்?" என்று திடீரென்று கேட்டார்.

குணலட்சுமி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "வயசு போய் அறளை பேந்திட்டுதோ?"

ஆனாலும் பிடுங்கிக் கொடுத்தாள். அவளுக்கும் கொடிகாமத்து உவர்த் தண்ணீரில் தலை முழுக மனமில்லை. மதிலோரம் நின்ற செவ்வரத்தையை மொட்டையடித்து, பூண்டுக்குள்ளே பூக்களைக் குத்தி வைத்தார்கள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் அச்சாவாக இருந்தது.

"அடேயப்பா!" இளையதம்பி கட்டிலில் எழும்பி உட்கார்ந்துவிட்டார். "இவ்வளவு பெரிசாப் பூக்குமோ? நிலத்திலை ஒரு புல்லுக்கூடத் தெரியேல்லை! கொஞ்சம் கிட்டக் கொண்டுபோம்."

"கிட்டப் போனால் கூசும் அத்தான்."

"ஆருக்கு?"

"பூவுக்கு."

அந்த நேரம் பார்த்து, பக்கத்து வீட்டு நடராசாவின் கிடாய் மதிலில் இடிந்திருந்த பக்கத்தால் உள்ளே வந்தது. அதற்குச் செவ்வரத்தம்பூவென்றால் உயிர். கமராவுக்கு நேரே நின்று, ஒரு பூவைக் காம்போடு இழுத்து, கண்ணை மூடிச் சப்பியது. பிறகு அடுத்தது. பூவோடு பத்துமணிப் பூண்டும் ஒரு வாய் போனது.

"சீவரத்தினம்! ஆடு! ஆடு தின்னுது!"

"தின்னட்டும் அத்தான், நிறையத்தானே கிடக்கு" என்று பதறிப்போய் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிவிட்டு, "சூய்! சூய்!" என்று துரத்தினார். கிடாய் போகவில்லை. குணலட்சுமி விளக்குமாற்றோடு பாய்ந்தாள். ஆடு பூண்டுக்கு மேலால் ஓடியது. அவள் ஆட்டுக்குப் பின்னால் ஓடினாள். இளையதம்பி கனடாவில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பார்த்தார்.

இவ்வளவுதான், முடிந்தது என்று சீவரத்தினம் நினைத்தார். ஆனால் இளையதம்பி கோபிக்கவே இல்லை. "ஆடு வராமல் மதிலைக் கட்டி மேலாலை கம்பியும் அடிச்சு விடுவம். படலையைக் கழட்டிப்போட்டு நல்ல இரும்புக் கேற் ஒண்டு, பெரிய பூட்டோடை போடுவம். ஆக்களை அனுப்புறன்" என்றார். சொன்னபடியே அடுத்த கிழமை ஆட்கள் வந்து வேலையை முடித்துவிட்டுப் போனார்கள்.

"எங்கடை பாதுகாப்பிலை மனிசனுக்கு என்ன அக்கறை!" என்று சீவரத்தினம் தெரு முழுக்கச் சொல்லித் திரிந்தார். "பெத்த தகப்பன் செய்யமாட்டான், இப்பிடி."

அக்கறைக்கு அக்கறை காட்ட வேண்டாமா? ஆடு மிதித்ததில் மிஞ்சிய தண்டுகளைத் திரும்ப ஊன்றி, தண்ணீரை நாலு நேரமாக்கினார். முற்றம் சேறாகியது. கிணற்றடிச் சீமெந்தில் பச்சைப் பாசி பிடித்தது. குணலட்சுமி கூட்டுவதற்கு விட்டிருந்த ஒற்றையடிப் பாதையும் குழைந்து வழுக்கியது. ஆனி மாதம் ஒரு காலையில், ஹோஸைக் கையில் பிடித்தபடி நாலாவது பாத்திக்குத் திரும்பிய சீவரத்தினம் கால் வழுக்கி, தாம் விட்ட தண்ணீரிலேயே தாம் விழுந்தார். விழுந்த வேகத்தில் ஹோஸ் வானத்தைப் பார்த்து நின்று கொஞ்ச நேரம் அவருக்கே தண்ணீர் விட்டது.

கணுக்கால் எலும்பு வெடித்துவிட்டது. மானிப்பாய் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். நல்லூர் வீட்டில் எதற்கும் படி ஏறி இறங்க வேண்டும். அதனால் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருந்த அருமைநாயகி வீட்டில் மூன்று பேரும் போய்த் தங்கினார்கள். கஜந்தினி அங்கிருந்தே பஸ்ஸில் ரியூசனுக்குப் போய்வந்தாள்.

கால் நோவைவிடப் பெரிய நோ ஒன்று சீவரத்தினத்துக்கு இருந்தது. வீட்டில் ஆள் இல்லை! ஆள் இல்லாவிட்டால் வீடு பாழ் என்று அத்தனை நாள் ஓதியவர் அவர். இப்போது புல்லு வந்திருக்கும், எலி வந்திருக்கும், பாம்பு வருகிற வழியில் இருக்கும். இளையதம்பிக்குத் தெரிந்தால் ஜெயதீபன் அடுத்த பஸ்ஸில் வந்திறங்குவான்.

"உண்மையைச் சொல்லுங்கோவன். கால் முறிஞ்ச மனிசனை ஆர் என்ன சொல்லப் போயினம்?" என்றாள் குணலட்சுமி.

"விசர்க்கதை கதையாதை."

இளையதம்பி அழைத்தபோது, அருமைநாயகியின் ஓட்டைப் பேசினைக் கட்டிலடிக்கு இழுத்து வைத்து, அதற்குக் கமராவைக் காட்டினார்கள்.

"இதென்ன, பேசினுக்குள்ளை நிக்குது?"

"மழைக்குப் பயந்து எடுத்து வைச்சனான் அத்தான்."

"மழையோ? ஆடி மாதத்திலை, நல்லூரிலையோ?"

"ஒரு சின்னத் தூறல்."

குணலட்சுமி தலையில் அடித்துக்கொண்டாள். "நுணலும் தன் வாயாலை கெடுமாம்" என்று முணுமுணுத்தாள்.

"ஏன் எடுத்து வைச்சனீர்?" இளையதம்பியின் குரலில் முதல் தடவையாக எரிச்சல் இருந்தது. "ஒண்டும் செய்யாதையும் எண்டு எத்தினை தரம் சொன்னனான்? அதை அதின்ரை பாட்டிலை விடும் ஐசே! ஆள் பாக்காமல் வளருதோ எண்டுதான் நான் பாக்கோணும்."

சீவரத்தினத்துக்கு அப்போதுதான் மூளையில் ஒரு வெளிச்சம் பட்டது. இது இங்கிதம் இல்லை. இது உண்மையான கட்டளை. மனிதர் கனடாக்காரராகி வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு மாறிவிட்டார். இவ்வளவு காலமும் தண்ணீர் விட்டு அவர் சொல்லை மீறியிருக்கிறோமே என்று சீவரத்தினம் தன்னைத்தானே நொந்துகொண்டார்.

மாவுக்கட்டு அவிழ்க்க ஆடி கடைசியாகிவிட்டது. நல்லூரில் கொடியேறி, திருவிழா நடந்துகொண்டிருந்தது. இளையதம்பி கொழும்பில் வந்திறங்க இருந்த அன்று காலை, பொல்லூன்றிக்கொண்டு சீவரத்தினம் ஓட்டோவில் வந்திறங்கினார். இரும்புக் கேற்றின் பெரிய பூட்டைக் குணலட்சுமி திறந்தாள். அவர் கண்ணை மூடிக்கொண்டார். முருகா, இடுப்பளவு வேண்டாம், முழங்காலளவோடு விடு என்று மனதுக்குள் மன்றாடினார்.

"அப்பா, கண்ணைத் திறவுங்கோ" என்றாள் கஜந்தினி.

முற்றம் பூத்துக் கிடந்தது.

படலை இருந்த இடத்திலிருந்து கிணற்றடி வரைக்கும் மண் இல்லை. சிவப்பு, ரோசு, மஞ்சள், வெள்ளை. பாத்தி வரம்பைத் தாண்டி, குணலட்சுமியின் ஒற்றையடிப் பாதையை மூடி, படியில் ஏறப் பார்த்துக்கொண்டு நின்றது பூண்டு. ஒரு மாதத்துக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை, சோழகக் காற்று வறுத்தெடுத்திருந்தது, ஆட்டுக்கு வழியில்லை, விளக்குமாற்றுக்கும் ஆள் இல்லை. புல்லு என்று ஒரு நுனி கிடையாது. எலியையும் காணவில்லை. சீவரத்தினம் பொல்லில் தாடையை ஊன்றி அழுதார். உண்மையாகவே அழுதார். வீடு பிழைத்துவிட்டது. பிள்ளை இங்கிருந்தே பரீட்சை எழுதுவாள்.

குணலட்சுமிக்கும் கண் கலங்கியது. கொண்டுவந்த பையைப் படியில் வைத்துவிட்டுப் பழக்கதோசத்தில் விளக்குமாற்றை எடுத்தவள், ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டு அதைத் திரும்பச் சுவரில் சாத்தினாள்.

அடுத்த நாள் இளையதம்பியின் வான் விடியவே வந்திருக்க வேண்டும். கொடிகாமத்தில் ரயர் காற்றுப்போய், வந்து சேரப் பத்து மணி கழிந்துவிட்டது. வேளைக்கு வந்திருந்தால் மூடிய மொட்டைத்தான் பார்த்திருப்பார். முருகன் ரயருக்குள்ளும் இருக்கிறான் என்று சீவரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டார்.

இளையதம்பி வானிலிருந்து ஒரு காலைக் கீழே வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். சாரதி கிறகோரிதான் மற்றக் காலையும் இறக்கிவிட வேண்டியிருந்தது. பூவுக்குள் குந்தியிருந்து, கையால் விலக்கி விலக்கி அடியில் தேடினார்.

"புல்லு ஒண்டும் இல்லையே!"

"இல்லை அத்தான்."

"தண்ணி விட்டனீரோ?"

"ஒரு சொட்டு விடேல்லை அத்தான்."

"பொய் சொல்லாதையும் சீவரத்தினம். உம்மை எனக்குத் தெரியும். ஒளிச்சு ஒளிச்சு விட்டிருப்பீர்." இளையதம்பியின் நெற்றி சுருங்கியது. சந்தேகம் முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

சீவரத்தினம் துடித்துப்போனார். இத்தனை நாளும் சொன்ன பொய்யெல்லாம் செல்லுபடியாகி, ஒரே ஒரு உண்மையைச் சொல்லும்போதா நம்பமாட்டேன் என்பது? குணலட்சுமி பின்னால் நின்று முதுகில் கிள்ளினாள். கிள்ளலையும் மீறி அவர் தம்மிடமிருந்த மிகப் பெரிய சாட்சியை எடுத்து வைத்தார்.

"முருகன் அறிய அத்தான், நாங்கள் ஒருத்தரும் இஞ்சை இல்லை! எனக்குக் கால் முறிஞ்சு மாதக் கணக்கா மானிப்பாயிலை கிடந்தனாங்கள். கேற்றைப் பூட்டினதுதான். நேற்றுக் காலமைதான் திறந்தனாங்கள். பாருங்கோ, பொல்லு! மச்சாளைக் கேளுங்கோ, ஆஸ்பத்திரியிலை கேளுங்கோ! இந்த வீட்டை ஒரு மனிசரும் திரும்பிப் பாக்கேல்லை. அது முழுக்கத் தானா வந்தது."

இளையதம்பி எழும்பி நின்றார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. அந்தப் பத்து மணி வெயிலில் முற்றத்தில் விரிந்திருந்த எதையும்விடப் பெரிதாக மலர்ந்தது.

"ஒரு மாதத்துக்கு மேலை? ஆள் இல்லாமலோ? புல்லு இல்லை, பாம்பு இல்லை, ஒண்டும் இல்லையோ?"

"ஒண்டுமே இல்லை அத்தான்!"

இளையதம்பி அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். பொல்லு கீழே விழுந்தது. "நீர் தங்கம் ஐசே! உம்மாலைதான் இது தெரிய வந்தது" என்று முதுகில் தட்டிவிட்டு, "குளிச்சிட்டு வாறன், பிறகு ஆறுதலாக் கதைப்பம்" என்று பாடிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்.

சீவரத்தினம் மனைவியின் பக்கம் திரும்பினார். உண்மை பேசினால் என்ன கிடைக்கும் என்று பார்த்தாயா என்று கேட்கிற மாதிரி ஒரு பார்வை. மனதுக்குள் முன்னறைக்குப் புதுத் திரைச்சீலையும் போட்டாகிவிட்டது. ஜெயதீபன் உடுப்பிட்டியிலேயே கிடந்து இருதயம் போடட்டும்.

கிறகோரி சூட்கேசுகளை இறக்கி வைத்துவிட்டு, கதவால் வீட்டுக்குள்ளே எட்டிப் பார்த்தார். பிறகு தலையைச் சொறிந்துகொண்டு வந்தார்.

"அண்ணை, உந்த அலுமாரி கழட்டி ஏத்திற அலுமாரியோ, முழுசா ஏத்திறதோ?"

"எந்த அலுமாரி? அதை ஏன் ஏத்தோணும்?"

"ஐயா கொழும்பிலை வானிலை ஏறேக்கையே சொன்னவர் அண்ணை, பூண்டு ஆள் பாக்காமல் படர்ந்திருந்தால் வீட்டுக்கு இனி ஆள் தேவையில்லை, திரும்பேக்கை உங்களையும் சாமானையும் கொடிகாமத்திலை இறக்கிவிடச் சொல்லி."